கிணற்றடிக்கு வந்த ஆமை

வைத்தியர் சிங்களத்தில் இல்லை, தமிழில்தான் சொன்னார். அதனால் விளங்காதது மாதிரி நடிக்கவும் வழியில்லை. என் மார்பில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டதாம். இனி வீட்டில் வைத்துப் பார்க்கட்டாம். என் கணவர் ஜெயக்காந்தன் எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டினார். திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊர் இறக்கக்கண்டி வந்து சேரும்வரை பஸ்ஸில் என் மருந்துப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஆமைக் கதை தொடங்கியது. அவருடைய மீனை வாங்கும் கிண்ணியா றுவைஸ் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். ஆமை நூறு வயதுக்கு மேலும் இருக்குமாம், அதற்குப் புற்றுநோய் வருவது மிக அரிதாம். றுவைஸ் சொன்னது அவ்வளவுதான். அதன் இறைச்சியைத் தின்றால் எனக்கும் சுகமாகும் என்ற மிச்சத்தை இவரே சேர்த்துக்கொண்டார்.

"ஆமை பிடிக்கிறது குற்றம். பிடிபட்டா மறியல், ஜெயில்தான்," என்றேன்.

"இருப்பன்."

"மறியல்ல இருந்துகொண்டு எனக்கு எப்பிடிக் கறி காய்ச்சுவியள்?"

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வலையில் ஆமை பட்டால், வலை போனாலும் போகட்டும் என்று அறுத்து விடுகிற மனிதர் அவர். விடுமுன் அதன் தலையில் கடல் தண்ணீர் தெளித்துக் கும்பிடுவார். இப்போது கும்பிட்டதையே அறுக்கப் புறப்பட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விசரா உங்களுக்கு என்று நாளும் பொழுதும் ஏசினேன். வெறுங்கையோடு வந்த நாட்களில் மீன்கறியைத் தின்றபடி, "என்ன மதி, இப்ப எல்லாத்துக்கும் மிளகு?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு காலை, சாக்கால் மூடித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். பெரிய ஆமை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டுவினம்," என்றேன்.

"இனி உருப்படாமப் போக என்ன கிடக்கு?" என்றார்.

கத்தியோடு அதைப் புரட்டியவர் அப்படியே நின்றார். கழுத்திலும் முன்துடுப்புகளின் அடியிலும் பூக்கோவா மாதிரித் திரள் திரளாகக் கட்டிகள். ஒன்று கண்ணையே மூடியிருந்தது.

"பாசி," என்றார். "பாசிதான் பிடிச்சிருக்கு."

கத்தி முனையால் சுரண்டினார். இரத்தம் வந்தது.

"பாசியில ரத்தம் வராதப்பா."

"வேற ஒண்டு பிடிப்பன், மதி."

"ஒண்டும் பிடிக்க வேண்டாம். கொண்டுபோய் விடுங்கோ. அதுக்கும் எனக்கு வந்த வருத்தம்தானே."

கத்தியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் குந்தியிருந்து அழுதார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. பிறகு எழும்பி, வாளித் தண்ணீரை அதன் தலையில் தெளித்து, திரும்பவும் வண்டியில் ஏற்றினார். கும்பிடவில்லை.

நான் குசினிக்குப் போனேன். அம்மியில் மிளகும் சீரகமும் அரைத்தபடி கிடந்தன. அவர் ஆமை தேடிப் போன ஒவ்வொரு விடியலிலும் நோவோடு நோவாக எழும்பி ஆமைக் கறிக்கு அரைத்து வைத்தேன். ஆமை வராத நாளில் அதை மீனுக்குப் போட்டுவிடுவேன். வாயால் அவரை ஏசிக்கொண்டு, அவரைவிடக் கூடுதலாக நான்தான் நம்பியிருக்கிறேன்.

மிளகை வழித்து வெளியே கொட்டிவிட்டு அம்மியைக் கழுவினேன். நான் சாகத்தான் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.