நாலு மடிப்புக் கொசுவலை

...ஒரு மடிப்புதான், ஒன்றே ஒன்று, என்று மூன்று முறை சொல்லிவிட்டு மாமா, அக்காவின் கணவர், முடிவெட்டப் போயிருக்கிறார், ஒன்று என்கிற எண்ணை எனக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது, இத்தனைக்கும் நான் கல்லூரியில் படிப்பது கணிதம். மீன் தொட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், மீனே கிடையாது, பவளம், உயிருள்ள பவளம், பதினேழு துண்டு. மேலே புது விளக்கு, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலாக மடித்த கொசுவலை, வாரத்துக்கு ஒரு மடிப்பு உருவ வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடம் மங்கல் வெளிச்சத்தில் கிடந்த ஜென்மங்கள், திடீரென்று இதைக் காட்டினால் வெந்து வெளுத்துவிடுமாம். வெளிச்சத்தைக் குறைக்கிற திருகு ஒன்று விளக்கிலேயே இருந்தது, வாங்கி வந்த அன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது, மாமா ஓங்கி ஓர் அடி வைத்தார், அதன் பிறகு முரண்டு பிடிக்கவில்லை, வேலையும் செய்யவில்லை. அதனால்தான் கொசுவலை. போன இரண்டு ஞாயிறும் அவரே உருவினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குகிற மாதிரி, அந்த விரல்களுக்கு அவ்வளவு மென்மை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்... பக்கத்து அறையில் அக்கா துணி மடிக்கிறாள், ஒற்றைக் கையால். இடது மணிக்கட்டில் கட்டு. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன், வழுக்குகிற தரையாக இருந்தால் தேவலை என்று.

தொட்டியை அழகு, அமைதி என்று சொல்கிறவர்கள் யாரும் இதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. நான் பரீட்சைக்குப் படிப்பதே இந்தத் தொட்டிக்கு எதிரில்தான், எனக்கு விட்டிருக்கும் இடம் அது. நடுவில் பச்சையாக உப்பிக் கிடக்கிறதே மூளைப் பவளம், அது ஒருநாள் தன் குடலை வாய் வழியாக வெளியே தள்ளி, நூல் நூலாக, பக்கத்திலிருந்த ஊதாக்காரன் மேல் படரவிட்டது, அவன் ஓடவில்லை, அவனுக்குக் கால் கிடையாது, அப்படியே இருந்த இடத்தில் இருந்தபடி கரைந்தான், இரண்டே நாளில் வெறும் வெள்ளை எலும்பு. மாமா அதை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தார். "அவன் எல்லைக்குள்ள வந்தான், முடிச்சுட்டான், அவ்வளவுதான்" என்றார், கொன்றவனைப் பற்றி, பெருமையாக. அவருக்கு அந்தத் தொட்டி என்றால் உயிர். கண்ணாடியில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம்: கை நீட்டாதே. கையில் இருக்கும் சோப்பு, எண்ணெய், வியர்வை எதுவும் அதுகளுக்கு ஆகாதாம், சின்னக் காயம் பட்டாலும் அழுகிவிடுமாம். அழகான கையெழுத்து. இந்த வீட்டில் யார் மேலும் கை நீட்டக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான், சட்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டும் செல்லும்.

முதலில் வெறும் சத்தம்தான், நான் இந்த வீட்டுக்குப் படிக்க வந்த புதிதில். அப்புறம் தட்டு, சுவரில். அப்புறம் சுவர் இல்லை. எப்போது மாறியது என்று யோசித்தால் தேதி கிடைக்கவில்லை, ஆனால் என் ஹெட்போனின் சத்தம் அப்போது பன்னிரண்டில் இருந்தது, இப்போது பத்தொன்பதில் இருக்கிறது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று கூட்டினேன், மாமா சொல்வது போல, ஒன்றே ஒன்று... அம்மாவிடம் போனில் சொன்னோம். போகப் போகப் பழகிடும் என்றாள். பவளம் வளர்ப்பதில் அம்மாவுக்கு இவ்வளவு ஞானம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விளக்கோடு வந்த தாளிலும் அதேதான் போட்டிருக்கிறது, பொறுமையாகப் பழக்கவும், அவசரப்பட்டால் பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே துப்பிவிடும், அந்தப் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. குடியிருக்கிறவனைத் துப்புவது சரி, நானும் இங்கே குடியிருக்கிறவன்தான், ஆனால் நான் யாருக்கும் சோறு போடவில்லை, போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பத்தொன்பதில்.

வலையின் ஓரம் கையில் இருக்கிறது, காய்ந்த உப்பு, சொரசொரவென்று. ஒன்றை உருவினேன். அது சொன்ன வேலை. இன்னொன்று இருக்கிறது. மாமாவின் பின்னந்தலையைப் பிடித்து இந்தத் தண்ணீருக்குள் அமுக்கினால் எவ்வளவு நேரம் ஆகும், மூன்று நிமிடமா, நாலா, உப்புத் தண்ணீரில் உடம்பு மிதக்கும், கூடுதல் பலம் வேண்டும், முழங்காலை முதுகில் வைத்து, கண்ணாடியில் அவர் மூக்கு நசுங்கி, மூளைப் பவளம் தன் குடலை எடுத்து அவர் கன்னத்தில் பொறுமையாகப் பரப்ப, புதிதாக வெட்டிய முடி துணுக்குத் துணுக்காக மிதக்க... இதைத் தினமும் நினைக்கிறேன், நினைத்து முடித்ததும் பசிக்கிறது, போய்ச் சாப்பிடுகிறேன், அவர் எதிரில், குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க மாமா என்று. அவரைத் தொட முடியாது. இதுகளைத் தொடலாம். பதினேழும் வெந்து சாகட்டும், எலும்பு எலும்பாக அவரே பொறுக்கி எடுக்கட்டும், ஒவ்வொன்றையும் கழுவட்டும், அழட்டும், அழுவார், ஊதாக்காரனுக்கே கண் கலங்கியவர். இரண்டாவதையும் இழுத்தேன். வெளிச்சம் விழுந்தது, விழுந்தது என்றால் விழுந்தது, கூரை இடிந்த மாதிரி. ஆடிக்கொண்டிருந்த பவள விரல்கள் எல்லாம் ஒரு நொடி நின்று, உள்ளே, உள்ளே, உள்ளே இழுத்துக்கொண்டன, பதினேழும் சேர்ந்து முகத்தை மூடிக்கொண்டது போல. எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, மிகவும் நன்றாக இருந்தது.

எதிர்ச் சுவரில் வெளிச்சம் மாறியதைப் பார்த்துத்தான் அக்கா வந்தாள், இந்த வீட்டில் எது மாறினாலும் முதலில் அவளுக்குத் தெரிந்துவிடும், செருப்பு விடுகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுதைச் சொல்வாள்.

"ரெண்டையும் எடுத்துட்டியா? மறுபடி போடு."

சாகட்டும் என்றேன்.

"அது செத்தா யாருக்கு விழும்னு நினைக்கிற? உனக்கா?"

கணிதம் படிக்கிறேன். இவ்வளவு கணக்கில், மூன்று நிமிடமா நாலா என்பது வரை போட்டதில், இந்த ஒரு கழித்தல் வரவே இல்லை. அப்போதே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் கட்டுப் போடாத கையால் வலையைப் பிடுங்க வந்தாள், அதுதான் எனக்கு என்னவோ செய்தது, அவர் பொருளைக் காப்பாற்ற அந்தக் கை அவ்வளவு வேகமாக வருகிறதே என்று, கொடுக்க மாட்டேன் என்று கையைத் தூக்கினேன். தூக்கத்தான் செய்தேன்.

அவள் தோள் திரும்பியது, முகவாய் கழுத்துக்குள் போனது, கட்டுப் போட்ட கை கன்னத்துக்கு வந்தது, எல்லாம் ஒரே நொடியில், தேர்ந்த வேகத்தில், கண்கள் மூடியிருந்தன.

"கை நீட்டாதடா" என்றாள்.

தொட்டியைத்தான் சொன்னாள். கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறது, இந்த வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான்... அவள் மூடிய இமைகள் மேல் அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. வலையை மறுபடி போட வேண்டும், ஒரு மடிப்பாவது, உடனே. அதற்குக் கையைக் கீழே இறக்க வேண்டும். அது இன்னும் மேலேதான் இருந்தது, என் தோளைத் தாண்டி, காதையும் தாண்டி, ஒரு முழக் கொசுவலையைக் கொடுக்காமல் இருக்க அவ்வளவு உயரம் எதற்கு...