பத்தாம் பட்டை

எங்கள் கோதுமை வயலைப் பதினொரு பட்டைகளாகப் பிரித்திருந்தோம். ஒன்றுக்குத் தொழு எரு, இன்னொன்றுக்கு எலும்பு உரம் என்று வருஷம் தவறாமல் அதற்கு அதுதான். பத்தாம் பட்டைக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. எரு போட்டவை எவ்வளவு கூடுதலாக விளைகின்றன என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பார் பண்ணையார் மெரிடன். அரசாங்கம் சல்லிக்காசு தரவில்லை. தன் எலும்பு உரத் தொழிற்சாலை லாபத்தை அவரே இந்த மண்ணில் கொட்டினார்.

அது அவர் பாடு. உழுகிறவன் நான். சர்ச் வாசலில் போவது என் மானம். "ஏன் ஜேபஸ், உன் பத்தாம் பட்டைய அறுக்க அரிவாள் எதுக்கு, கத்தரிக்கோல் போதாதா?" என்று பக்கத்துப் பண்ணை கட்பர்ட் எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்கும் அந்தச் சோனிப் பயிரைப் பார்த்தால் பட்டினி போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலிருக்கும். பதினாலு வருஷம் பொறுத்தேன். விதைப்புக்கு முன், பண்ணையார் லண்டன் போயிருந்த நாளில், குதிரை லாயத்து எரு நாலு வண்டி கொண்டுபோய் அதன் கீழ்க்கோடியில் கொட்டி உழுதுவிட்டேன்.

ஜூனில் அந்தக் கோடி கரும்பச்சையாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பண்ணையாருக்கோ என்னைவிடச் சந்தோஷம். எருவே இல்லாமல் மண் தானாகத் தேறுகிறது என்று நம்பிவிட்டார். அடுத்த வாரம் லண்டனில் பெரிய மனிதர்கள் கூட்டத்தில் சொல்லப் போவதாகவும் சொன்னார். அன்று ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயத் தொறக்காதீங்க," என்றாள் என் மனைவி டார்கஸ். "வேலையோட வீடும் போயிடும். நாலு பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. வீடு பண்ணையாருடையது. ஆனாலும் ரெண்டு நாளுக்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வயலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "பதினாலு வருஷம், ஜேபஸ்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எழுந்து, எங்கே கொட்டினாய், காட்டு என்றார். காட்டினேன். நாலு மூலையிலும் முளை அடித்தார். அந்தத் துண்டை இனி பத்தாம் பட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். பிறகு, ஒரு தடவை போட்ட எரு எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். ரெண்டு வருஷம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள் என்றேன்.

"சொல்றாங்க. எவனாவது அளந்திருக்கானா?"

இனி அந்தத் துண்டை வருஷா வருஷம் தனியாக அறுத்து எடை போட வேண்டும், செலவு தன்னுடையது என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"வீட்ட எப்பக் காலி பண்ணணும், ஐயா?"

"அந்த எரு தீர்ற அன்னிக்கு," என்றார்.

அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

பத்தொன்பது வருஷமாகிறது. இந்த அறுவடையிலும் பத்தாம் பட்டையின் மீதியைவிட அந்தத் துண்டுதான் கூடுதல் எடை. கூரைக்குப் புது வைக்கோல் வேய வேண்டும் என்று டார்கஸ் நேற்று ஆள் பேசியிருக்கிறாள்.