நாற்பத்தொன்பதாம் நாள்

"எட்டு மணிக்குத்தான் கூட்டம் முடியும். அதுவரைக்கும் உள்ள உட்காந்திருக்கணும். பாதியில எழுந்து வந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் தனுஜா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? சுகுமாரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் இருபது வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டிய மனுஷன். அவரை நேற்று லைசென்ஸ் எடுத்த பிள்ளை, ஊசி போடக் கூட்டிப்போகிற குழந்தை மாதிரி ஜார்ஜ் டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது.

எல்லாம் அந்தக் கல்யாணப் பத்திரிகையால் வந்த வினை. தனுஜாவின் கல்யாணம் அடுத்த மாதம். பத்திரிகையில் அழைப்பவர் என்று தாய்மாமன் அர்ஜுனன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அப்பன் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், பெயர் மட்டும் மாமனுடையது. ஊர் காறித் துப்பாதா? கேட்டதற்கு மகள் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டாள்.

"நிச்சயத்தன்னிக்கு நீங்க குடிச்சிட்டு மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி விழுந்து கெடந்தீங்க. அந்தக் கூட்டத்துக்குப் போங்க, பொய் சொல்லாம இருங்க. அப்பதான் உங்க பேரு. நாளைக்குக் கார்டு அச்சுக்குப் போகுது."

"நான் குடிகாரன் இல்ல," என்று இப்போது மறுபடியும் ஆரம்பித்தார். "தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் நாப்பத்தெட்டு நாள் விரதம். ஒரு சொட்டு தொட்டிருக்கேனா? குடிகாரனால முடியுமா அது?"

"சரிலா. இப்பவும் பத்து நாளா தொடலன்னு சொன்னீங்களே, அதையும் அங்க போய்ச் சொல்லுங்க."

சுகுமாரன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினார். பத்து நாள் என்பது பச்சைப் பொய். நேற்றுச் சாயங்காலம்கூடக் குடித்துவிட்டு, மிட்டாயை மென்றுகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார்.

அந்தத் தெருவில் கடைவீடுகள் எல்லாம் ஒரே அச்சு. கூட்டம் நடக்கிற இடத்துக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. தனுஜா காரை நிறுத்தினாள்.

"எறங்கிக் கேளுங்க."

"நானா?"

"கூட்டம் யாருக்கு? எனக்கா?"

பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார். எப்படிக் கேட்பது? நாக்கு கூசியது. "அக்கா, இங்க குடிக்கிறவங்க கூட்டம்... எங்க நடக்குது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பின்சந்துல. எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க," என்று தாடையால் காட்டினாள்.

பின்சந்தில் நான்கு பேர் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சம்சுச் சாராய பாட்டில். இப்படிக் கேட்டால் வேறு எங்கே அனுப்புவாள்?

"வா மச்சான், வா," என்று ஒருவன் இடம் விட்டு நகர்ந்தான். நல்லமுத்து. ஒரே கோயிலில் ஒன்றாக விரதம் இருந்து காவடி எடுக்கிற கூட்டாளி. கோப்பையைச் சட்டையில் துடைத்து ஊற்றி நீட்டினான். சுகுமாரனின் கை பாதி தூரம் தானாகவே போய்விட்டது. காரைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்த தனுஜா, கையைக் கட்டிக்கொண்டு சந்து முனையில் நின்றாள்.

"இவன் யாருன்னு நெனச்சீங்க," என்று நல்லமுத்து மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டான். "நாப்பத்தெட்டு நாள் நெருப்பு மாதிரி இருப்பான். நாப்பத்தொன்பதாம் நாள் பாக்கணுமே. விடிஞ்சதும் மொத பாட்டில் இவந்தான் தொறப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாகப் பெண்டாட்டியிடமும் மகளிடமும் மார் தட்டிச் சொன்ன விரதம், இந்தச் சாக்கடை ஓரத்தில், மகள் கேட்கக் கேட்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. பாட்டிலை எட்டி உதைக்கலாமா என்றிருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"வாய மூடுடா. நான் தேடி வந்தது குடிய விட்டவங்க கூட்டம். அது எங்க?"

சிரிப்பு நின்றது. நல்லமுத்துவின் முகம் மாறியது. "ஓ, அதுவா. முன்பக்கம், பச்சைக் கதவு, மாடி. நானும் ரெண்டு வாட்டி போனேன்."

"அப்புறம் ஏண்டா இங்க இருக்க?"

"நாப்பத்தெட்டு நாள் கதையச் சொன்னேன். சரி, அதுக்கு அடுத்த நாள் என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. எழுந்து வந்துட்டேன்." நீட்டிய கோப்பையை அவனே குடித்தான்.

பச்சைக் கதவுக்குள் படி செங்குத்தாக ஏறியது. அப்பா உள்ளே போகிறாரா என்று பார்க்கத் தனுஜாவும் பின்னாலேயே ஏறினாள். மேலே ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிளாஸ்க். பிரமிளா என்று பெயர் சொன்ன பெண் வாசலிலேயே நிறுத்தினாள்.

"வாங்கண்ணே. கடைசியா எப்ப குடிச்சீங்க?"

பத்து நாள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் போதும், பத்திரிகையில் பெயர் ஏறிவிடும். இங்கே யார் வாயை முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்? பின்னால் படியேறி வந்த செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நேத்து," என்றார் சுகுமாரன். "நேத்து சாயங்காலம்."

செருப்புச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத் தைரியம் இல்லை. பிரமிளா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வெளியே தனுஜா அச்சகக்காரரிடம் போனில் பேசுவது கேட்டது. காரில் பேசிய அதே வெடுக்கென்ற குரல். "அண்ணே, அந்தக் கார்டு. அழைப்பவர்னு மாமா பேரு இருக்குல்ல, அத எடுத்துருங்க. இல்ல, அப்பா பேரும் போட வேணாம். எடத்த காலியா வைங்க. நான் சொல்ற வரைக்கும் அடிக்காதீங்க."

பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "எட்டு மணிக்குக் காரு கீழ நிக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சுகுமாரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.