கொஞ்ச நேரம் நிறுத்து

வெத்தா மூன்றாவது தீக்குச்சியைக் கிழித்தாள். மகள் ஸ்மரண்டா, அப்பா படுத்திருந்த கட்டிலைத் தாண்டி எட்டி அதையும் ஊதி அணைத்தாள்.

"அம்மா, எத்தனை தடவை சொல்றது? ஆக்சிஜன் ஓடுது. நெருப்பு பட்டா வீடே போயிடும்."

"அப்போ அந்தச் சனியன் புடிச்ச மெஷினை நிறுத்து. கையில மெழுகுவத்தி எரியாம உசுரு போனா, அந்தப் பக்கம் இருட்டுல தடவிக்கிட்டு நிப்பாருடி. நம்ம வீட்ல யாருக்கும் அப்படி ஆனதில்ல."

"நிறுத்தினா அப்பா போயிடுவாரும்மா."

வெத்தா தீப்பெட்டியை மூடினாள். ஈஸ்டருக்குத் தேவாலயத்தில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸ்மரண்டா சரியாகத் தூங்கி நாளாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. இப்போதெல்லாம் அது தன் பல்லுக்குள்ளேயே இரைவதுபோல் அவளுக்குத் தோன்றியது. அப்பா லெயோந்தின், பறவைகளின் குரலைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மோட்டார் சத்தம் எட்டாத இடம் தேடிக் கார்ப்பாத்திய மலையெல்லாம் அலைந்தவர். கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில்தான் அது கிடைத்தது. வன அலுவலகத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, மர லாரிகள் மேலே ஏறாதபடி செய்துவிட்டார். அதற்காக ஊரில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். ரொம்ப நல்லது, இன்னும் அமைதி என்றார் அவர். அப்படிப்பட்ட மனிதரின் காதருகே இப்படி ஒன்று.

அவர் கண்ணைத் திறந்தார்.

"லாரியை வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டீங்க," என்றார். மூச்சு வாங்கியது. "நிறுத்தும்மா. ஜன்னலைத் திற."

"டாக்டர் கூடாதுன்னிருக்கார்ப்பா."

"அந்த ஆளுக்கு ஏது காது?"

வெத்தா தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, உடனே அழுதாள்.

"கொஞ்ச நேரம்டா கண்ணு," என்றார். அப்பா யாரிடமும் கெஞ்சி ஸ்மரண்டா பார்த்ததில்லை.

அவளுக்கு இருவர் மேலும் ஆத்திரம் வந்தது. ஒருத்தருக்கு அமைதி வேண்டும், ஒருத்திக்கு வெளிச்சம் வேண்டும், பாவம் மட்டும் என் கைக்கா? ஆனால் மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை. குனிந்து சுவிட்சை அணைத்தாள். அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். ஜன்னலை அகலத் திறந்து, காற்று உள்ளே வந்து போகும்வரை காத்திருந்து, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வெத்தா மெழுகுவத்தியை ஏற்றி, அவர் விரல்களை அதைச் சுற்றி மடக்கி, மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, உரக்க ஜெபிக்கத் தொடங்கினாள். லெயோந்தின் மறு கையில் ஒரு விரலை மெல்லத் தூக்கினார். கல்யாண விருந்திலேயே அவள் வாயை அடைத்த விரல் அது. எப்போதும் அதற்குச் சண்டை பிடிப்பவள், இன்று ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

முதலில் ஆற்றின் சத்தம் கேட்டது. பிறகு அதற்கும் பின்னால் இலைகள். அவருடைய மூச்சும் இடையிடையே கேட்டது. ஸ்மரண்டா திரும்பி வந்து, சுவிட்சில் கை வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். சரிவில் காட்டு மரங்களுக்குள் எதுவோ இரண்டு முறை கூவி ஓய்ந்தது.

அவர் தொழிலைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டிராத வெத்தா, குரலை இறக்கி, "ஏங்க, அது என்ன பறவை?" என்றாள்.

ஸ்மரண்டாவும் பதிலுக்காக அவரைத் திரும்பிப் பார்த்தாள். உருகிய மெழுகு ஒரு சொட்டு அவர் கட்டைவிரலில் விழுந்தது. விரல் அசையவில்லை.