ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்று தோல்

1926 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, ராயபுரம் தோல் கிடங்கில் கட்டுப் போடும் வேலை நின்றது. கட்டுக்கு இருபத்தைந்து ஆட்டுத்தோல். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கட்டு முடிந்து, இருபத்துமூன்று தோல் மிஞ்சிக் கிடந்தது. அதில் ஈ மொய்த்தது.

"ரெண்டு தோலு காணோம்" என்றான் மேஸ்திரி ஜெயவேல்.

"எதுவும் காணாம போவல. சரக்கோட வந்த சீட்டுல ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூணு. கீறதும் அதான்" என்றார் கணக்குப்பிள்ளை தண்டபாணி.

"எல்லாக் கட்டும் ஒரே அளவா இருக்கணும், உதிரி கூடாதுன்னு தொரை சொல்லிகீறாரு. கட்டுக்கு வராத கணக்க எவன் அனுப்புவான்? சீட்டு தப்பு."

தண்டபாணி உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொண்ணூற்றேழு வரை போனார். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது. நூற்றை நூற்றால் பெருக்கினாலே பத்தாயிரம். அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. பென்சிலில் கொழுப்பு ஒட்டியிருந்தது.

"இது எதாலயும் வகுபடாது, மேஸ்திரி. ஒண்ணொண்ணா அனுப்பு. இல்லாங்காட்டி எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டு."

"இம்மாம் பெரிய நம்பரு பங்கு போவாதா? இன்னா நைனா, கத வுடுறே?"

ஜெயவேல் உப்புத் தேய்க்கும் பச்சையம்மாவிடம் திரும்பினான். "நேத்து கடசியா போனது நீதான். சேலைய ஒதறு."

"நாறுற தோல எடுத்துகினு போயி இன்னா பண்ணுவேன்? கொழம்பு வெப்பனா?"

ஆட்கள் சிரித்தார்கள். ஜெயவேல் சிரிக்கவில்லை. அவள் முந்தானையைத் தானே பிடித்து உதறினான். கை இடுப்பில் நின்றது, தேவைக்கு மேல் நின்றது. தண்டபாணி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலீல ரெண்டு தோலும் இங்க இருக்கணும். இல்லே, போலீசு."

மறுநாள் விடிந்ததும் தண்டபாணி வந்தார். சாவி அவரிடம்தான். கிடங்கின் பின்னால் கழித்துப் போட்ட தோல்கள் அழுகிக் கிடந்தன. இரண்டை இழுத்தார். மயிர் கையோடு வந்தது. சட்டைக் கைக்குள் புழு விழுந்தது. உப்பைப் பூசி, இருபத்துமூன்றின் நடுவே செருகினார். மூன்று முறை கை கழுவினார். நாற்றம் போகவில்லை.

ஏழு மணிக்கு ஜெயவேல் எண்ணினான். இருபத்தைந்து. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது கட்டு முழுசாக விழுந்தது.

"பாத்தியா நைனா, போலீசுன்னதும், காலீல நீ கதவ தொறந்தப்போ யாருக்கும் தெரியாம பூந்து திருப்பி வெச்சுட்டா."

அதையே எல்லோரிடமும் சொன்னான். பச்சையம்மா வந்தபோது வாசலை மறித்து நின்றான்.

"திருடிக்கு இங்க வேல இல்ல. போலீசுல குடுக்காம வுட்டேன்னு சந்தோசப்படு."

அவள் அவனோடு சண்டை போடவில்லை. அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். தண்டபாணி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"எதுவும் காணாம போவலன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க, கணக்குப்புள்ளே. அப்போ நான் இன்னாத்த திருப்பி வெச்சேன்?"