ஒரு ஆள் சாப்பாடு

1984ஆம் ஆண்டு ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமையிலிருந்து, சேலையூரில் மாசிலாமணி வீட்டில் நான்கு பேர் இருக்க ஐந்து பேருடைய சோறு செலவாகத் தொடங்கியது. ஐந்தாவது ஆள் இயேசு கிறிஸ்து. இதைத் தெருவில் யாரும் ஒளித்துப் பேசியதில்லை. கோடையில் தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொன்னார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர் கூட்டிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொன்னதுண்டு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று மாசிலாமணி குழம்பியதால் அது நடக்கவில்லை.

எல்லாம் ஒரு பலகையால் வந்தது. மாசிலாமணி தாம்பரம் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். அந்த வருஷம் நற்செய்திக் கூட்டத்துக்குப் போனவர், பந்தல் வாசல் கடையில் தங்க எழுத்துப் பலகை ஒன்றை வாங்கிவந்து சாப்பிடும் இடத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். இந்த வீட்டின் தலைவர் கிறிஸ்துவே, ஒவ்வொரு வேளையும் கண்ணுக்குத் தெரியாமல் பந்தியில் உட்காரும் விருந்தாளியும் அவரே என்கிற பொருளில் அதில் எழுதியிருந்தது. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை கிறிஸ்தவர்கள் வீட்டில் பாதிக்கு மேல் அந்தப் பலகை தொங்கியது. விருந்தாளி என்று சுவரில் எழுதிவைத்தார்களே தவிர, ஒரு வீட்டிலும் தட்டு வைக்கவில்லை. மாசிலாமணியின் மகள் கெத்சியாளுக்கு அப்போது ஆறு வயது, புதிதாக எழுத்துக் கூட்டப் படித்திருந்தாள். பலகையை மூன்று தடவை வாசித்துவிட்டு, "விருந்தாளின்னா தட்டு வைக்க வேணாமா மம்மி?" என்று கேட்டாள். அவள் அம்மா சாராளுக்கு அந்தக் கேள்வி தேனாய் இனித்தது. சாராள் பகலில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் விசுவாசம் வீட்டில்தான் முளைக்க வேண்டும் என்று மற்ற தாய்மாருக்கு வகுப்பெடுப்பவள் வீட்டில் அன்றுவரை ஒன்றும் முளைத்தபாடில்லை. எனவே ஐந்தாவது தட்டை எடுத்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிவைத்தாள். ஜெபம் முடிந்து கண் திறந்தபோது தட்டு காலி. கறிவேப்பிலை மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

முதலில் பூனையைச் சந்தேகித்தார்கள். பூனை கறிவேப்பிலையை ஒதுக்காது என்பதால் அடுத்து மூத்தவன் எபிநேசரைச் சந்தேகித்தார்கள். அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபித்தபோதும் தட்டு காலியானது. அதன்பிறகு சந்தேகப்பட ஆள் இல்லாததால் நம்பினார்கள். விருந்தாளிக்கு என்று ஒரு வாய்ருசி இருந்தது. மீன் என்றால் முள் மட்டும்தான் மிஞ்சும், அதில் ஆச்சரியம் இல்லை, அவருடைய சகவாசமெல்லாம் செம்படவர்களோடுதானே. பாகற்காயைத் தொடமாட்டார். உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமந்தவருக்கு அது மட்டும் ஆகவில்லை.

அந்த முதல் மூன்று வருஷங்களும் பொற்காலம் என்று சாராள் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யவைக்கப் பிரம்பு எடுக்க வேண்டியிருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமல் அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்கள். எபிநேசர் ஏரிக்கரை மைதானத்தில் தான் எப்படி அவுட் ஆனான், அந்த அம்பயர் எவ்வளவு பெரிய திருடன் என்பதை ஓவர் ஓவராக விளக்குவான். கெத்சியாள் தேன்மிட்டாயைப் பாதி கடித்து மீதியைத் தட்டில் வைப்பாள். எச்சில் மிட்டாயை ஆண்டவருக்கு வைக்கலாமா என்று மாசிலாமணி அதட்டினார். மிட்டாய் அதற்குள் போயிருந்தது.

கெட்டது எங்கே தொடங்கியது என்றால், மாசிலாமணி சபைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்தான். பதவி வந்ததும் ஜெபம் நீண்டது. குடும்ப ஜெபத்தில் ஒரு வசதி உண்டு, அது எல்லாக் கிறிஸ்தவத் தகப்பன்மாருக்கும் தெரியும்: எதிராளி கண்ணை மூடிக்கொண்டிருப்பான், பதில் பேச முடியாது, கடைசியில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். மாசிலாமணி மேலே பார்த்துச் சொல்வதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். "ஆண்டவரே, டியூஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டு மேட்னி ஷோவுக்குப் போன பிள்ளை ஒண்ணு இந்த வீட்ல இருக்கு. அது யாருன்னு உமக்குத் தெரியும். அவனே எழுந்து ஒத்துக்கிறானான்னு பார்ப்போம் ஆண்டவரே." சாராளும் சளைத்தவள் இல்லை. அவள் முறை வரும்போது, கமிட்டி கமிட்டி என்று ஊர் சுற்றிவிட்டு வீட்டில் ஒரு பல்பு மாற்றாதவர்களின் இருதயத்தைத் தொடும்படி உருக்கமாக வேண்டினாள். பிள்ளைகளிடம் எதற்கெடுத்தாலும் "அவரு பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்று காலி இடத்தைக் கையால் காட்டுவாள். விருந்துக்கு வந்தவரை இருவருமாகச் சேர்ந்து போலீஸ் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சோறு ஆறி, குழம்பில் ஆடை படர்ந்தது. எபிநேசர் பேச்சை நிறுத்தி, தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தான். கெத்சியாள் ஒருநாள் கேட்டாள்: "மம்மி, அவரு சாப்பிட வர்றாரா, நம்மளை வேவு பாக்க வர்றாரா?" சாராள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

இதற்கிடையில் மாசிலாமணி, சபைப் போதகரான ஐயரையும் கமிட்டியையும் விருந்துக்கு அழைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஜெபம் செய்தார்கள், செயலாளர் இரண்டு செய்தார். கண் திறந்தபோது ஆண்டவர் தட்டு வைத்தபடியே இருந்தது, ஐயர் தட்டிலிருந்த கோழிக்காலைக் காணோம். ஐயர் வெகுநேரம் செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சபைக் குறிப்பில் அன்றைய கூட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை.

1989 ஆடி மாதத்தில் ஒருநாள் தட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. சாராள் கருவாடு சுட்டாள், வஞ்சிரம் வாங்கினாள், உபவாசம் இருந்தாள். சோறு காய்ந்ததுதான் மிச்சம். அந்த வாரக் கடைசியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரி கிளியம்மாள் கூப்பிட்டாள். அவள் புருஷன் பொன்னுரங்கம் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சத்தில் இரண்டு வீடு கட்டி ஒன்றை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"இன்னா சாராளு, ஒரு வாரமா எங்க வூட்ல ஒரு ஆள் சோறு கொறையுதும்மா. யாருன்னே தெர்ல. துன்னுட்டு கறிவேப்பிலைய மட்டும் ஓரமா ஒதுக்கி வெச்சுட்டுப் பூடுது."

சாராள் ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். கிளியம்மாள் கார்த்திகை தவறாமல் குன்றத்தூர் மலை ஏறுகிறவள், அவள் சமையலறையில் வேலோடு முருகன் படம் இருக்கிறது. அந்த வீட்டில் போய் ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் யார் என்று சொன்னாள். கிளியம்மாளுக்கு அதில் பெரிய வியப்பு ஒன்றும் தெரியவில்லை. "அதான் சத்தம் போடாம சாப்புட்றாரா? யாரா இருந்தா இன்னா, பசின்னு வந்துட்டாரு. வெள்ளிக்கெழம மட்டும் கவிச்சி கெடையாதுன்னு சொல்லிடு," என்றாள்.

மாசிலாமணி அது பிசாசின் தந்திரம் என்றார். பிசாசுக்குக் கறிவேப்பிலை பிடிக்காது என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று சாராள் கேட்டாள். அவர் அன்றிலிருந்து பொதுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உரக்க ஜெபித்தார். போனவர் திரும்பவில்லை, பிள்ளைகளும் போய்விட்டார்கள். சாயங்காலம் ஆனால் எபிநேசரும் கெத்சியாளும் கிளியம்மாள் வீட்டில்தான். சாராளுக்கு வயிறு எரிந்தது. ஆண்டவர் போனதை ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேதம் சொல்லிக்கொடுத்தவள் பெற்ற இரண்டையும் கோட்டைவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டையும் காதைப் பிடித்து இழுத்துவருவது என்று முடிவுசெய்து ஒருநாள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சமையலறைப் பின்வாசலில் கால் நின்றுவிட்டது. பொன்னுரங்கம், பிள்ளைகள், நடுவில் ஆளில்லாத ஒரு தட்டு. யாரும் கண்ணை மூடவில்லை, யாரும் யாருக்காகவும் ஜெபிக்கவில்லை. இரண்டு வருஷமாக வீட்டில் ஊம் என்பதற்கு மேல் பேசாத எபிநேசர், வாய் நிறையச் சோற்றோடு அந்தத் தட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மேட்னிக்குப் போனது நான்தான். அன்னிக்கே சொல்லியிருப்பேன். எல்லாரும் சேந்து உன்கிட்ட மாட்டிவிட்டாங்களா, ரொம்ப அசிங்கமா போச்சு. சாரி." தட்டில் கொஞ்சம் சோறு குறைந்தது. கெத்சியாள் எட்டி இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

சாராள் இந்த ஒன்றுக்காகத்தான் பிரம்பு எடுத்தாள், வகுப்பெடுத்தாள், பலகைக்குத் தூசு தட்டினாள். அது இங்கே அடுத்தவள் அடுப்படியில், முருகன் படத்துக்குக் கீழே நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, வெட்கம்தான் அதிகம். அழுதாள். "இன்னாத்துக்கு நிக்கிறே, உக்காரு," என்று கிளியம்மாள் ஒரு தட்டை நகர்த்தினாள். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் சாராளின் வாய், ஆண்டவரே இந்தப் பிள்ளைகளை, என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டாள். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில், "இன்னிக்கு நானூறு காலர். தோள்பட்டை விட்டுப்போச்சு," என்றாள். அவளை யாரும் அதட்டவில்லை. பக்கத்துத் தட்டில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

மாசிலாமணி மட்டும் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றார். சாராள் தினமும் ஒரு ஆளுக்குச் சோறு மூடிவைத்துவிட்டு, குழம்புச் சட்டியோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் நடப்பது இங்கே கேட்கும். முதல் வருஷம் ஏசாயா தீர்க்கதரிசி மாதிரி முழங்கினார். ஆனால் குத்திக்காட்ட எதிரே ஆள் இல்லாவிட்டால் எந்த ஜெபமும் எவ்வளவு நேரம்தான் ஓடும்? மனைவியின் பாவங்களைச் சொல்லி முடித்தார், பிள்ளைகளின் பாவங்களை இரண்டு சுற்று சொன்னார். அடுத்த கமிட்டித் தேர்தலில் தோற்றபிறகு செயலாளரின் பாவங்கள் ஒரு மாதம் ஓடின. அப்புறம் அதுவும் தீர்ந்தது. 1992 ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு வரிதான் கேட்டது. "ஆண்டவரே, தனியா சாப்பிட முடியலை." அதற்குமேல் மழைச் சத்தம்தான்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே மாசிலாமணியின் தலை தெரிந்தது. பிடித்திருந்த குடை பக்கத்தில் இருந்த காலி இடத்தின் மேல் சாய்ந்திருந்ததால் அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"சாராள், கொஞ்சம் சோறு இருக்குமா?"

"மூடி வச்சிட்டுத்தானே வந்தேன்?"

"அது ஒரு ஆளுக்குத்தானே. இங்க ரெண்டு பேரு இருக்கோம்."

சாராள் திரும்பித் தன் பக்கத்திலிருந்த தட்டைப் பார்த்தாள். அதிலும் சோறு குறைந்துகொண்டுதான் இருந்தது. எங்கும் நிறைந்தவர் என்று ஓய்வுநாள் பள்ளியில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், அவளால் ஒன்றும் ஆட்சேபிக்க முடியவில்லை. கிளியம்மாள் சட்டியைச் சாய்த்துப் பார்த்து, "நெறைய கீதுப்பா. ரெண்டு பேருக்கும் ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

மாசிலாமணி குடைப் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு இந்தப் பக்கம் பார்த்து, ஊற்றச் சொல்லித் தலையாட்டினார்.