முயல் இல்லாத வீடு

பாதித் தலைக்குச் சாயம் பூசியாகிவிட்டது. மீதிப் பாதியைத் தொடும் முன் பார்லர்க்காரியின் செல்போன் ஒளிர்ந்தது. படித்தாள். பிரஷ் கிண்ணத்துக்குள் விழுந்தது. கையுறையைக் கழற்றாமலே ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

“ஏம்மா, எங்க ஓடுற? என் தலை?” நாற்காலியில் இருந்த வக்கீலம்மா அலறினார்.

“அப்படியே ஊறட்டும் மேடம். இதோ வந்துடறேன்.”

“பாதிதானே ஊறுது! இந்தக் கோலத்துல கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் எந்தப் பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவார்?”

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தது.

வந்திருந்த செய்தி இதுதான்: ‘இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை. உன் முயல் பஞ்சுவைப் பத்தித்தான் பேசப் போறேன். தலையணையைக் கடிச்ச கதையைச் சொன்னா ஹாலே சிரிக்கும்!’

முயலே கிடையாது. அதுதான் வினை.

மகளின் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு டேப்லெட் கொடுத்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைப் பள்ளிப் பிள்ளை ஒன்றை ‘படிப்புத் துணை’யாகச் சேர்த்துவிட்டிருந்தது. தினமும் துணையோடு எழுதிப் பேச வேண்டும். பேச்சுக்கு மார்க். முதல் நாள் மகள் அந்த வெற்றுக் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா எழுதுறது?”

“எப்படி இருக்கேன்னு கேளுடி.”

“நீயே கேளேன்.”

ஒரே ஒரு நாள்தானே என்று அம்மா டேப்லெட்டை வாங்கினாள். அந்த ஒரு நாள் வளர்ந்து வருஷமாகிவிட்டது. அதில் இருந்த செயலியைத் தன் செல்போனிலும் ஏற்றிக்கொண்டாள். மறுமுனையில் இருந்தவள் ‘புயல்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, புயல்தான். கணக்கு வாத்தியாரைக் கிண்டலடித்தாள், அழுதாள், சண்டை போட்டாள், சமாதானமானாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் அம்மா ஒரு முயலை வளர்க்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து மகள் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் “ம்”. அதட்டினால் “ம்ம்”.

மகளுக்கு வர வேண்டிய பேச்சையெல்லாம் அம்மாவே பேசித் தீர்த்திருந்தாள். அது உறைத்தது இப்போதுதான், சிக்னலில் நிற்கும்போது. மகளுக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. அதுவும் இன்று போய்விடும், ஊரே பார்க்க. துணைகள் நேரில் சந்திக்கும் முதல் நாள் இது. ஒருவரைப் பற்றி ஒருவர் மேடையில் பேச வேண்டும்.

ஹாலுக்குள் ஓடினாள். துணைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் மூன்றாம் வரிசையில். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி, புயல் என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு. இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகளைத் தூணோரம் இழுத்தாள். “கண்ணு, சீக்கிரம் கேளு. நம்ம வீட்ல ஒரு முயல் இருக்கு.”

“எங்க?”

“இல்லடி... இருக்குன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். பேரு பஞ்சு. தலையணையைக் கடிச்சிடும்.”

“ஏம்மா இல்லாததைச் சொன்ன?”

“சொல்லிட்டேன், விடு. அவ என்ன பேசினா? கோவமா இருக்காளா?”

“தெரியல. ஒண்ணுமே பேசல.”

“நீயாவது பேச வேண்டியதுதானே?”

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “என்னம்மா பேசுறது?”

முதல் நாள் கேட்ட அதே கேள்வி, அதே குரல். அன்று டேப்லெட்டை வாங்கிக்கொண்ட அம்மா, இன்று வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றாள். அதற்குள் ஆசிரியை கூப்பிட, மகள் ஓடிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதான் அந்தப் பொண்ணோட அம்மாவா?”

திரும்பினாள். காக்கிச் சட்டை, பெல்ட், தொப்பி. போலீஸ் அதிகாரி ஒருத்தி விறைப்பாக நின்றாள். வாசலில் ஜீப்பின் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

“கொஞ்சம் வெளியே வர்றீங்களா? தனியாப் பேசணும்.”

போச்சு. மார்க்குக்காக ஏமாற்றினால் போலீஸ் வரை போவார்களா? கையுறை மாட்டிய கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். “மேடம், என் பொண்ணு மேல தப்பில்ல, அவ சின்னப் பொண்ணு...”

“தப்பா? உங்க பொண்ணா? தங்கம்ங்க அவ.” அதிகாரி தொப்பியைக் கழற்றினாள். கழற்றியதும் வயது கூடிப்போய் களைப்பாகத் தெரிந்தாள். “எனக்கு டிரான்ஸ்பர் வந்தப்ப, வீட்ல சண்டை வந்தப்ப, எல்லாத்துக்கும் அவ எழுதின ஆறுதல்லதான் ஓட்டினேன். இன்னைக்கு மேடையில அவளுக்கு மனசு உடையப் போகுது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு டியூட்டியிலேர்ந்து ஓடி வந்தேன்.”

“என்ன... என்ன சொல்றீங்க?”

“காலையில என் பொண்ணைக் கார்ல கொண்டுவந்து விடும்போது பூரா சொல்லிக் கொடுத்தேன், மண்டையில ஏறல. என் பொண்ணு அந்த டேப்லெட்டைத் தொட்டதே இல்லீங்க.” அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள். “புயல்னு எழுதினதெல்லாம் நான்தான்.”